பன்னிரண்டாவது கூறு

காலை ஏழு பத்து. ஜீப்பில் கண் அயர்ந்திருந்த நான் குலுக்கல் நின்றதும் விழித்து இறங்கினேன். முதலில் பார்த்தது பின்சக்கரத்தை. அதில் பாதிக்கு மேல் மணலுக்குள் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண் முழங்கால் போட்டு உட்கார்ந்து இரண்டு கைகளாலும் மணலை வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தாள், எறிந்தபடியே சிரித்துக்கொண்டும் இருந்தாள். ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறு பக்கம் கடல், நடுவில் நாங்கள் மூன்று பேரும் புதைந்துபோன ஒரு ஜீப்பும்.

மேலே போவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இருபது வருஷத்துக்கு மேல் நாளிதழில் திருவள்ளூர் மாவட்டச் செய்தியாளராக வேலை பார்த்தவள். மரத்தில் பால் வடிகிறது, கிணற்றுக்குள் குரல் கேட்கிறது என்று எத்தனையோ செய்திகள் என் மேசைக்கு வந்தன. எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒன்றாவது மறுநாள் வரை நிலைத்ததில்லை. என் வீட்டில் பேய்க் கதை சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "யார் நேரில் பார்த்தது?" என்பதுதான். அப்படிப்பட்டவள் இதை எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள், நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மணலை வாரிக்கொண்டிருந்த பெண் அய்குல். கிர்கிஸ்தான்காரி. வண்டியை ஓட்டிவந்த நசீருடைய தங்கை ஷாஹினா அந்த நாட்டில் டாக்டருக்குப் படித்தாள், இருவரும் ஒரே விடுதி அறை. ஷாஹினாவின் நிக்காஹுக்காக அய்குல் பழவேற்காட்டுக்கு வந்து, பிரியாணி சாப்பிட்டு, மருதாணி வைத்துக்கொண்டு, கல்யாணம் முடிந்த பிறகும் ஒரு வாரம் தங்கியிருந்தாள். நானும் கல்யாணத்துக்கு வந்தவள்தான். பொன்னேரிக்குத் திரும்ப வேண்டிய காலையில் நசீர் வழியை மறித்தான்.

"அக்கா, நாளைக்குப் போவலாம் ஊருக்கு. இன்னிக்கு மணல்திட்டு வழியா கடைசி குப்பம் வரைக்கும் ஜீப்ல போறோம். இந்தப் பொண்ணு சும்மா எங்க ஊரு ஏரி மூவாயிரம் மீட்டர் ஒசரத்துல கீதுன்னு பீத்திக்கினே இருக்குது. நம்ம ஏரிய அது பாக்க வேணாமா?"

நசீருக்குப் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை. ஆனால் அவன் உயிர் எல்லாம் அந்தப் பழைய ஜீப்பில்தான். ரோடு இல்லாத இடமாகப் பார்த்துப் போய் மாட்டிக்கொள்வான், பிறகு தானே மீட்டுக்கொண்டு வருவான்.

வண்டியில் ஏறும் முன் என்னைத் தனியாக அழைத்து ஒரு விஷயம் சொன்னான். அய்குலின் தம்பியைக் காணவில்லை. அங்கே கோடையில் ஆடு, குதிரைகளோடு மலைக்கு மேலே ஏரிக்கரைக்குப் போய்க் கம்பளிக் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள், குளிர் தொடங்கும்போது கீழே இறங்கிவிடுவார்களாம். தம்பி ஒரு பழைய ருஷ்ய ஜீப்பில் சுற்றுலாக்காரர்களை அந்த ஏரிகளுக்குக் கூட்டிப்போகிறவன். பருவம் முடிந்து, மிச்சம் இருந்த கூடாரங்களை ஏற்றிவரத் தனியாகப் போனவன் திரும்பவில்லை. இரண்டு இரவு ஆகிவிட்டது. கணவாயில் முன்கூட்டியே பனி விழுந்திருக்கிறது. தேடப் போனவர்களும் பாதியில் நிற்கிறார்கள்.

"அப்புறம் எதுக்குடா சுத்திப் பாக்கக் கூட்டிக்கினு போற?" என்றேன்.

"அதுவேதான்க்கா கேட்டுச்சு. ஊட்டுக்குள்ள ஒக்காந்து போன பாத்துக்கினே இருந்தா பைத்தியம் பிடிச்சிரும்னு சொல்லிச்சு. ஒண்ணு மட்டும் சொல்லிச்சு, போற எடத்துல யாருகிட்டயும் இத சொல்ல வேணாம், பாவம்னு பாப்பாங்கன்னு."

வண்டியில் அவளிடம் ஆங்கிலத்தில் தம்பியின் பெயரைக் கேட்டேன், தொழில் பழக்கம். நூர்பெக், வயது இருபத்துமூன்று. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நசீருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிப் பாலம் தாண்டியதும் நசீர் நான்கு டயரிலும் காற்றைப் பாதி இறக்கினான். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படுத்து மணல் மேல் மிதக்கும். கடலோரத்து ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. அதன் மேல் ஜீப் பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அலை ஏறி வரும்போது நசீர் வண்டியை மேலே ஒடிப்பான், இறங்கும்போது பின்னாலேயே துரத்துவான். சிவப்பு நண்டுகள் கூட்டம் கூட்டமாக ஓடி வளைக்குள் மறைந்தன. அய்குல் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கடலை அவள் முதன்முதலாகப் பார்த்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கைப்பேசியில் சமிக்ஞை கிடைக்கிற கடைசி இடம் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பார்த்தாள். சமிக்ஞை நின்ற பிறகு கைப்பேசியை என் பையில் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

நான் தூங்கிய நேரத்தில்தான் நசீர் ஏரிப் பக்கம் பார்க்கலாம் என்று திட்டின் நடுவில் வண்டியை ஏற்றி, உலர்ந்த மாதிரி தெரிந்த சேற்றில் இறக்கியிருக்கிறான். மேலே மணல், கீழே களி. அரை மணி நேரம் வாரினோம். சக்கரம் இன்னும் ஒரு சாண் கீழே போனது.

அப்போது கடல் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், ஒலிபெருக்கி வைத்தது போல.

"யோவ் நசீர் பாயீ! ஜீப்ப நட்டு வச்சிக்கினியா? தண்ணி ஊத்து, மொளைக்கும்!"

அது செல்வி. நாங்கள் போகவிருந்த குப்பத்தின் கரையில் மீன் ஏலம் போடுகிறவர். நாற்பது வயது இருக்கும். கடல் இரைச்சலுக்கு மேலே எழும் குரல், ஏலக் குரல். அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. செல்வியோடு அவர் கணவர் ஏழுமலையும் இன்னும் ஆறு பேரும் கரைவலை போட வந்திருந்தார்கள். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலுக்குள் அரை வட்டமாக விட்டு, இரண்டு நுனிக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது கரைவலை.

"செல்விக்கா, கிண்டல் அப்புறம் பண்ணு. ஒரு கை குடு" என்றான் நசீர்.

"ஒரு கையா? எட்டுப் பேரு பதினாறு கை குடுக்குறோம். ஆனா சும்மா இல்ல. உன் வண்டிய நாங்க இழுக்குறோம், எங்க வலய நீங்க இழுக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

"அந்த நேபாளப் பொண்ணும் இழுக்கும்ல?"

"நேபாளம் இல்லக்கா, கிர்கிஸ்தான்."

"அது எங்க கீது?"

"காஷ்மீருக்கும் மேல."

"அவ்ளோ மேல இருந்தா இங்க வந்து சேத்துல மாட்டுச்சு? உன்ன நம்பி வந்தா அப்டித்தான்."

நசீர் மொழிபெயர்த்தான். அய்குல், ஷாஹினாவிடம் கற்றிருந்த நான்கைந்து தமிழ்ச் சொற்களில் ஒன்றை எடுத்து, செல்வியைப் பார்த்து, "இன்னா?" என்றாள். அந்த எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் ஏரியில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. வலைக் கயிற்றை ஜீப்பின் கொக்கியில் கட்டி, "ஏலேலோ" என்று இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் வண்டி களியை விட்டுச் சப்தத்தோடு வெளியே வந்தது. செல்வி பின்னால் திரும்பி, "மொளைச்சிருச்சு!" என்றார்.

பிறகு நாங்கள் வலை இழுத்தோம். எழுதி எழுதி மெலிந்த என் கை கயிற்றில் தோல் உரிந்தது, அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அய்குல் குதிரையோடு வளர்ந்தவள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்புறமாகவே நடந்து இழுத்தாள். "இவ நம்ம ஜாதி" என்றார் ஏழுமலை. குப்பத்து வீடுகளைக் கடல் அரித்தால் கம்பும் கீற்றும் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்வார்கள் என்று நசீர் விளக்கியபோது அய்குல், எங்கள் வீட்டையும் அப்படித்தான் சுருட்டி ஒட்டகத்தில் போடுவோம் என்றாள். அதைக் கேட்டு ஏழுமலை ஒட்டகம் எவ்வளவு மீன் சுமக்கும் என்று உண்மையாகவே விசாரித்தார்.

வலை கரை ஏறியது. மடவை, கிழங்கான், கொஞ்சம் இறால், நிறைய நண்டு. விற்பனைக்கான மீனைக் கூடையில் தள்ளிய பிறகு வீட்டுக் குழம்புக்கென்று மிச்சம் வைப்பது கறி மீன். கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கூறு உண்டு, விருந்தாளியானாலும் சரி. அதைப் பிரிக்க ஒரு முறை இருக்கிறது. ஒருவர் மீனைக் குவியல் குவியலாக மணலில் கூறு வைப்பார். இன்னொருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். கூறு வைத்தவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது?" என்பார். திரும்பி நிற்பவர் பார்க்காமல் ஒரு பெயரைச் சொல்வார். யாருக்குப் பெரிய மீன், யாருக்குச் சின்ன மீன் என்று பிறகு யாரும் சண்டை பிடிக்க முடியாது. வைத்த கூறைக் கலைக்கவும் கூடாது. எத்தனை கூறு விழுந்ததோ அத்தனைக்கும் பெயர் சொல்லியாக வேண்டும்.

ஏழுமலை கூறு வைத்தார். செல்வி போய்க் கணுக்கால் அளவு அலையில் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

"இது?"

"மூர்த்திக்கு."

"இது?"

"பேப்பரக்காவுக்கு." அது நான். எனக்கு இரண்டு நண்டும் ஒரு கை கிழங்கானும் வந்தன.

"இது?"

"நசீர் பாய்க்கு. நண்டு வந்துச்சா? தொடமாட்டாரே, குடுய்யா இங்க!"

"இது?"

"காஷ்மீருக்கு மேல கீற பொண்ணுக்கு."

"அய்குல்!" என்று இவள் கத்தினாள்.

"ஆங், ஆய்குலுக்கு."

இப்படியே போய் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பதினோரு பேர் கயிறு பிடித்தோம், பதினோரு பேர் கையிலும் மீன் இருந்தது. மணலில் இன்னும் ஒரு கூறு கிடந்தது. நல்ல கூறு, ஒரு பெரிய மடவையும் கொஞ்சம் இறாலும்.

"என்னாய்யா, எண்ணத் தெரியாதா ஒனக்கு?" என்றார் ஒருவர்.

"எண்ணித்தான் வச்சேன்" என்றார் ஏழுமலை. அவர் முகத்தில் ஆச்சரியம். பிறகு வழக்கப்படி குனிந்து அதைத் தொட்டார். "இது?"

செல்வி திரும்பவில்லை. அவர் யோசித்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. மற்ற பெயர்களை எப்படிச் சொன்னாரோ அதே வேகத்தில் சொன்னார்.

"குலுனுக்கு."

யாரும் வரவில்லை. சிரித்தார்கள். ஆள் வராவிட்டால் ஏலத்தில் போல மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். அவர் கடலைப் பார்த்தபடி முழுக் குரலில் கூப்பிட்டார். "குலுனூ! குலுனூ! குலுனூ!"

நான் வழக்கம் போல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது.

"யாருடி அது குலுனு?" என்றார் ஏழுமலை.

செல்வி அப்போதுதான் திரும்பினார். "எனக்கு இன்னா தெரியும்? வாயில வந்துச்சு. ஏன், அப்டி யாரும் இல்லயா?"

அய்குல் எழுந்து நின்றிருந்தாள். கையிலிருந்த மீன் மணலில் விழுந்து கிடந்தது. நசீரிடம் ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். நசீர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதி புரிந்தது. குலுன் என்றால் அவர்கள் மொழியில் குதிரைக்குட்டி. தம்பி பிறந்த அன்று வீட்டுக் குதிரை ஒன்று குட்டி போட்டதாம், அதனால் அம்மா வைத்த வீட்டுப் பெயர். அம்மா இறந்த பிறகு அந்தப் பெயரால் அவனைக் கூப்பிடுகிறவள் உலகத்தில் அய்குல் ஒருத்திதான். இந்தியாவுக்கு வந்ததிலிருந்து அதை வாய்விட்டுச் சொன்னதில்லை என்றாள். ஷாஹினாவுக்குக்கூட அந்தப் பெயர் தெரியாது, பிறகு விசாரித்துவிட்டேன்.

அப்புறம் மறைக்க முடியவில்லை. நசீர் எல்லாவற்றையும் சொன்னான். செல்வி வந்து அய்குலின் இரண்டு கன்னத்தையும் ஈரக் கையால் பிடித்துக்கொண்டார்.

"அழுவாத கண்ணு. கூறுல பேர் விழுந்துச்சுன்னா ஆளு கீறான்னு அர்த்தம். இல்லாத ஆளுக்கு நாங்க கூறு வைக்கிறதில்ல. எடுத்துக்கினு போ. வேற யாரும் துன்னக் கூடாது, அது அவன் பங்கு."

அய்குல் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அந்த மீனை அதில் முடிந்துகொண்டாள். முடியும்போது அவள் அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால் இரண்டும்தான்.

திரும்பும்போது அய்குல் அந்த முடிச்சை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பாலத்துக்கு அருகில் சமிக்ஞை வந்தது, செய்தி எதுவும் வரவில்லை. வீட்டில் நசீரின் அம்மாவிடம் மீனைக் கொடுத்தோம். அவர் கதையைக் கேட்டுவிட்டு அந்த மடவையைத் தனியாக உப்புத் தடவி மூடி வைத்தார். பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன்னால் அய்குலின் சித்தி கூப்பிட்டார். தம்பி கிடைத்துவிட்டான். உயிரோடு. கால் விரல் இரண்டில் மட்டும் பனி கடித்திருக்கிறது.

அந்த வீட்டில் அடுத்த ஒரு மணி நேரம் நடந்ததை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஷாஹினா புது மாப்பிள்ளையோடு ஓடி வந்தாள். நசீர் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கல்யாணத்தில் மிஞ்சிய லட்டைக் கொடுத்தான். மூடி வைத்திருந்த மடவையை நசீரின் அம்மா வறுத்து எடுத்து வந்தார். "அவனுக்கு இப்ப அங்க கிடைக்காது, அக்கா சாப்புட்டா அவன் சாப்புட்ட மாதிரிதான்" என்று தீர்ப்புச் சொன்னார். அய்குல் முள்ளை எடுக்கத் தெரியாமல் தலையிலிருந்து வால் வரை தின்றாள். நசீர் அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குச் சேதி சொல்லப் போய், மறுபடியும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மருத்துவமனையிலிருந்து வீடியோவில் வந்தார். எல்லோரும் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் பின்னால் நின்று குறிப்பு மட்டும் எடுத்தேன். அவர் சொன்னதை அய்குல் மொழிபெயர்த்தாள்.

பனியில் வண்டி நின்றால் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த விதி. அவரும் இறங்கவில்லை. கூடாரக் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு உள்ளேயே இரண்டு இரவு இருந்தார். மூன்றாம் நாள் காலை பத்து ஐம்பது இருக்கும், ஒரு பெண் அவர் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முதலில் அம்மா என்று நினைத்தார், அம்மாவின் குரல் அது இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மூன்று முறை. தேடி வந்தவர்கள்தான் என்று நினைத்து இறங்கி அந்தத் திசையில் நடந்தார். ஏரியின் அந்தக் கரையில் குரல் கொடுத்தவர் யாரும் இல்லை, ஆனால் காணாமல் போன குதிரையைத் தேடி வந்த ஒரு கிழவர் இருந்தார். அவர்தான் கீழே கூட்டி வந்தார். அன்று மாலை சரிவிலிருந்து பனி இறங்கி ஜீப்பை மூடிவிட்டது.

அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே பத்து ஐம்பது என்றால் இங்கே பத்து இருபது.

நான் சும்மா இருக்கவில்லை. தற்செயல் என்று வைத்துப் பார்த்தேன். அய்குல் தன்னை அறியாமல் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம், செல்வி காதில் விழுந்திருக்கலாம் என்று வைத்துப் பார்த்தேன். கரையில் இருந்த எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவருக்கும் அப்படி நினைவில்லை. பசியிலும் குளிரிலும் காதுக்குள் குரல் கேட்பது உண்டு என்று ஒரு மருத்துவர் சொன்னார், அதையும் ஏற்றுக்கொண்டேன். செல்வியிடம் கேட்டால், "என் குரல் பொன்னேரி வரைக்கும் கேக்கும்னு எல்லாம் சொல்லுவாங்க, இது கொஞ்சம் ஓவரு" என்று சிரிக்கிறார். இப்போது கரையில் அவரைக் கேலி செய்வதற்கு இது ஒரு விஷயம். ஏலத்தில் யாராவது பதில் சொல்லாவிட்டால், "கிர்கிஸ்தான்லயே கேட்டுச்சு, ஒனக்குக் கேக்கலயா?" என்கிறார்கள்.

கடைசியாக ஒரு சோதனை செய்தேன். பழவேற்காட்டிலும் பொன்னேரிச் சந்தையிலும் பெண்களைப் பிடித்து, "குலுனூ" என்று ஒரு முறை உரக்கக் கூப்பிடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்தேன். செல்வியோடு சேர்த்து ஆறு பேர்தான் சம்மதித்தார்கள். ஏழாக இருக்கட்டும் என்று வீட்டு மாடியில் நின்று என் குரலையும் பதிவு செய்தேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டாவது செல்வி, ஐந்தாவது நான் என்று வரிசையைக் கலைத்து, பெயர் எதுவும் போடாமல் தம்பிக்கே நேராக அனுப்பினேன். அய்குல் அப்போது வேறு ஊரில் விடுதியில் இருந்தாள், அவளுக்கு வரிசை தெரியாது. அன்று கேட்ட குரல் இதில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தேன்.

மறுநாள் பதில் வந்தது. இருக்கிறது என்று எழுதியிருந்தார். முதல் இரண்டு முறை கூப்பிட்டது இரண்டாவது குரல். மூன்றாவது முறை கூப்பிட்டது ஐந்தாவது குரல்.